செஞ்சுரி அண்ணாச்சியின் மூக்கு

கொல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீடு. அந்த வீட்டில் நூறு வயதுக்கு முன்னால் செத்துப்போக யாருக்கும் அனுமதி கிடையாது. காய்ச்சல் வரலாம், வேலை போகலாம், காதல் தோற்கலாம். அதெல்லாம் அவரவர் சொந்த விஷயம். சாவு மட்டும் வீட்டுக்காரரின் இலாகா. அவருடைய நிஜப் பெயரை இங்கே எழுதினால் இந்த இதழ் கடைக்கு வருவதற்குள் போன் செய்து, அந்த இடத்தில் ஒரு நல்ல கூட்டு செய்முறையாவது போட்டிருக்கக் கூடாதா என்று கேட்பார். எனவே தெரு வைத்த பெயரே இருக்கட்டும்: செஞ்சுரி அண்ணாச்சி. அந்தத் தெருவில் அண்ணாச்சி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அது அவருடைய குலப்பெயர் என்று நினைத்துக்கொண்டு தபால்காரர் முதல் மீன்காரி வரை 'ஓனாச்சி பாபு' என்றார்கள்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாலிபத்தில் கொல்கத்தாவுக்கு வந்து, ஒரு தேயிலைக் கம்பெனியில் தேநீரைச் சுவைத்துத் தரம் சொல்லும் வேலையில் அமர்ந்தவர். வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளில் ஒரு கரண்டி எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டு, "இது மழைக்கு முன்னால் பறித்த இலை" என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு மூக்கும் நாக்கும்தான் மூலதனம். கொரோனாவில் படுத்து எழுந்தபோது மூக்கு போய்விட்டது. மல்லிகைப்பூவும் மீன்கூடையும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. ஓய்வுக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்ததால் கௌரவமாக விலகிக்கொண்டார். கல்யாணம், குழந்தை என்று எதுவும் இல்லாத மனிதர். மிச்சமிருந்த நாக்கையும் மிச்சமிருந்த ஆயுளையும் எங்கள் மேல் செலவழிப்பது என்று முடிவு செய்தார்.

எங்கள் என்றால் நானும் செந்திலும். நான் வங்கியில் மாற்றலாகி வந்தவன். செந்தில் ஈரோட்டுப் பையன், நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலை. அண்ணாச்சி வீட்டில் இரண்டு அறைகள் வாடகைக்கு இருப்பதாக லேக் மார்க்கெட் மளிகைக் கடையில் கேள்விப்பட்டு, ஒரே நாளில் இருவரும் போய் நின்றோம். வாடகை ரொம்பக் குறைவு. ராத்திரிச் சாப்பாடு வீட்டில்தான் என்பது நிபந்தனை. இவ்வளவு மலிவாக ஒரு ஜெயில் கிடைக்கும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

நேர்காணல் நடத்தினார். சம்பளம், சொந்த ஊர், எதுவும் கேட்கவில்லை.

"ஒங்க தாத்தா எப்ப போனாரு?"

"அம்பது கூட ஆகல அண்ணாச்சி. ஹார்ட் அட்டாக்" என்றேன்.

"அப்பாவுக்கு?"

"சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு."

அவர் முகம் மலர்ந்தது. என் தோளைத் தட்டினார். "அந்தப் பெரிய ரூம் ஒனக்குத்தாண்டே. நீ சீக்கிரம் வந்துரு. ரொம்ப வேலை கெடக்கு."

செந்திலின் தாத்தா தொண்ணூறைத் தாண்டியும் தோட்டத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் அண்ணாச்சிக்கு அவன்மேல் ஆர்வம் குறைந்துவிட்டது. "ஒனக்கு அவசரமில்ல" என்று சின்ன அறையைக் காட்டினார்.

அண்ணாச்சியின் சமையலறைக்குள் முதலில் எட்டிப்பார்க்கிறவர்கள் அது மருந்தகமோ என்று சந்தேகப்படுவார்கள். எண்ணெய் சின்னக் குப்பியில் இருக்கும். அதன் மூடியில் கண்ணுக்கு மருந்து விடுகிற சொட்டுக் குழாய். தாளிப்பு என்றால் அதிலிருந்து விழுகிற சொட்டுகள்தான். கடுகுகள் எண்ணெய் கிடைக்காமல் ஒன்றை ஒன்று முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் வெடிக்கும். உப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுத்து, அதில் பாதியைத் திரும்பப் போடுவார். மற்றதெல்லாம் ஆவியில் வேகும். மீன்கூட இட்லித் தட்டில்தான் வேகும்.

வங்காளிகள் மத்தியானச் சாப்பாட்டைக் கசப்பில் ஆரம்பிப்பார்கள். வேப்பிலையோ பாகற்காயோ முதல் கவளத்தில் போய்விட வேண்டும். நாக்கு சுத்தமாகும், வயிறு விழித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. கொல்கத்தாவில் இத்தனை வருடங்களில் தனக்குக் கிடைத்த பெரிய சொத்து இந்த வழக்கம்தான் என்பார் அண்ணாச்சி. அவரும் கசப்பில்தான் ஆரம்பிப்பார். வங்காளிகள் அடுத்து மெல்ல மெல்ல ஏறிப்போய் இனிப்பில் முடிப்பார்கள். அண்ணாச்சி எங்கேயும் ஏறமாட்டார். வேப்பிலையில் கிளம்பி, கொள்ளு ரசம், சுரைக்காய்க் கூட்டு, வரகரிசிச் சோறு என்று அதே சமதரையில் நடந்து மோரில் போய் உட்கார்ந்துகொள்வார்.

சுவை பார்ப்பது மட்டும் பழைய முறைப்படி. ராத்திரி எட்டு மணிக்கு ரசத்தையும் கூட்டையும் வெள்ளைக் கிண்ணங்களில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் உறிஞ்சி, உருட்டி, தொட்டித் தண்ணீர்க் குழாயடியில் துப்புவார். கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு வரும். "ஆரம்பம் நல்லாருக்கு. கடைசில ஒரு தயக்கம் இருக்கு." ரசத்துக்கு என்ன தயக்கம் என்று எங்களுக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. என் அம்மா ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டு, அண்ணாச்சிக்கு வலிப்பு வந்துவிட்டது என்று சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

துர்கா பூஜையின்போது தெருப் பந்தலில் அஷ்டமி அன்று பெரிய அண்டாவில் பிரசாதக் கிச்சடி கொதிக்கும். அண்ணாச்சி அண்டா ஓரத்தில் நின்றுகொண்டு, நெய் ஊற்ற வந்த பெண்மணியின் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்து, அம்பாளுக்கும் வயதாகிறது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் கமிட்டிக்காரர்கள் ரொம்ப மரியாதையாக அவருக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு மேற்பார்வையாளர். அந்த இடம் அண்டாவிலிருந்து தெருவின் மறுகோடியில் இருந்தது.

இத்தனை கட்டுப்பாட்டிலும் நானும் செந்திலும் உயிரோடு இருந்ததற்குக் காரணம் தெருமுனையில் இருந்த நிமாய்தாவின், அதாவது நிமாய் அண்ணனின், ரோல் கடை. பரோட்டாவில் முட்டையைப் பரப்பி, வெங்காயமும் மிளகாயும் வைத்துச் சுருட்டித் தருவார். வேலை முடிந்து வரும்போது அங்கே இறங்கிவிட்டுத்தான் வீட்டுப் படியேறுவோம். அண்ணாச்சிக்குத்தான் மூக்கு கிடையாதே. இருந்தாலும் ஒரு மரியாதைக்குச் சோம்பு மென்றுகொள்வோம். ஒரே ஒரு குறை, நிமாய்தா எங்கள் ரோலில் மட்டும் வெள்ளரிக்காயை அள்ளி வைப்பார். பரோட்டாவும் மற்றவர்களுடையது மாதிரி மினுமினுக்காது. கேட்டால் "உங்களுக்கு ஸ்பெஷல்" என்று சிரிப்பார். தமிழர்களுக்கு வெள்ளரிக்காய் பிடிக்கும் என்று யாரோ அவருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று செந்தில் முடிவு கட்டினான்.

எங்கள் அதிர்ஷ்டம், ரோல் சாப்பிட்டு வருகிற நாட்களில் வீட்டிலும் சாப்பாடு லேசாகவே இருக்கும். "இன்னைக்கு ரசமும் மோரும் போதும்டே, வயிறு சும்மா கெடக்கட்டும்" என்பார் அண்ணாச்சி. கடவுள் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம்.

இப்படி இருக்கையில் செந்திலுக்குக் காதல் வந்தது. கூட வேலை பார்க்கும் மௌஷுமி. பெண்ணுக்குச் சம்மதம், ஈரோட்டில் சம்மதம், பெண்ணின் அம்மா பதில் சொல்லாமல் இருந்தார். அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அரசு அலுவலகத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர், அதைவிடப் பெரிய சாப்பாட்டு ரசிகர். புளித் தண்ணீர் குடிக்கிறவர்கள் வீட்டில் தன் மகள் இளைத்துப்போவாள் என்பது அவர் கட்சி. மாதக்கணக்கில் மன்றாடியதில் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையன் இருக்கும் வீட்டுக்கு வருவார், சாப்பிடுவார், அதன் பிறகு சொல்வார்.

"பாபா ஒருத்தரை எடை போடறது சாப்பாட்டு மேஜைலதான். அன்னைக்கு வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் மாத்தமாட்டார்" என்று மௌஷுமி அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி ஆகிவிட்டது செந்திலின் முகம்.

"அந்த மனுசனுக்கு வரகரிசியப் போட்டா என் கல்யாணம் அன்னைக்கே காரியமாயிருமுங்க" என்றான் என்னிடம்.

திட்டம் நான்தான் போட்டேன். நியூ டவுனில் அந்த ஞாயிற்றுக்கிழமை சிறுதானியக் கண்காட்சி நடப்பதாக அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் காலையிலேயே துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நாங்கள் பெரிய உருளைக்கிழங்கு வைத்த மட்டன் பிரியாணி, கறி வறுவல், மண்சட்டித் தயிர் என்று போனிலேயே வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டு, வீட்டைப் பெருக்கி, சொட்டுக் குழாயை ஒளித்து வைத்தோம்.

பிரியாணிப் பையன் படியேறி வந்தான். அவனுக்குப் பின்னால் விருந்தாளிகள், பெண்ணின் அப்பாவும் அம்மாவும். அவர்களுக்குப் பின்னால், பை நிறையக் கீரையோடு அண்ணாச்சி.

"கண்காட்சி ஒண்ணையும் காணல. தேதிய மாத்திட்டாம் போல. வர்ற வழில கலம்பிக் கீரை பசுமையாக் கெடந்துது" என்றார். எங்கள்மேல் சந்தேகமே படவில்லை. வாசலில் நின்ற பொட்டலங்களைப் பார்த்தார். விருந்தாளிகளைப் பார்த்தார். "வீட்டுக்கு வந்தவுகளுக்குக் கடைச் சோறா போடுவீய?" என்று கேட்டு, பொட்டலம் அத்தனையையும் கீழ்வீட்டுக் காவலாளிக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பிரியாணி படியிறங்கிப் போவதைப் பெண்ணின் அப்பா, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி இருந்தது. மாஷிமா, அதாவது பெண்ணின் அம்மா, போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரத்தில் அண்ணாச்சி சமைத்துவிட்டார். நடுவில் சமையலறையிலிருந்து அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டபோது, குழாய் ரிப்பேர் என்று நான் சமாளித்தேன்.

இலையெல்லாம் இல்லை, எவர்சில்வர் தட்டுதான். முதலில் வேப்பிலை. பெண்ணின் அப்பா புருவத்தை உயர்த்தினார். நம் முறைப்படி ஆரம்பிக்கிறார்களே என்று ஒரு சின்ன நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. அந்த நம்பிக்கையோடு சுரைக்காய்க் கூட்டுக்குப் போனார். உப்பைத் தேடினார். கீரைக்குப் போனார். மீனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அது இட்லி மாதிரி வெந்திருப்பதைக் கண்டு மறுபடி சாய்ந்துகொண்டார். செந்தில் மேஜைக்கு அடியில் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் பெண்ணின் அப்பா வாயைத் திறந்தார். பேச்சு வங்காளத்தில்தான் நடந்தது. அண்ணாச்சியின் வங்காளமும் திருநெல்வேலி வழியாகத்தான் வரும் என்பதால் எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்.

"நீங்க தினமும் இதையா சாப்பிடறீங்க?" என்று செந்திலைக் கேட்டார்.

"ஆமாங்க, தினமுமேதான். எங்களுக்கு வெளிய சாப்பிட்டாலே ஒத்துக்காது" என்றான் செந்தில்.

ரசம் ஊற்ற வந்த அண்ணாச்சி கரண்டியை அப்படியே நிறுத்தினார். "பெரியவரு கிட்ட போய் பொய் சொல்லலாமாடே? நேத்து ராத்திரி ரெண்டு பேரும் முட்டை ரோல் தின்னுட்டு வந்தீய. நீ டபுள் முட்டை. வியாழக்கெழம கறி ரோல்."

நான்தான் குறுக்கே புகுந்தேன். "அண்ணாச்சி, உங்களுக்குத்தான் மூக்கு…"

"அது ஆறேழு மாசத்துலயே திரும்பி வந்துட்டுல்லா."

"சொல்லவே இல்லையே?"

"எதுக்குச் சொல்லணும்? சொன்னா விட்டுருவீயளா? இன்னும் தூரமாப் போயி, என்ன எண்ணெயோ, என்ன தண்ணியோ, கண்டதையும் தின்னுட்டு வருவீய. இதுன்னா நம்ம நிமாய். தெனம் எண்ணெய மாத்துடே, இவனுவளுக்குக் கொறச்சு ஊத்துடே, வெள்ளரிக்காய நெறைய வையிடேன்னு நாந்தான் சொல்லி வச்சிருக்கேன். தின்னுட்டு வந்தா இங்க ரசத்தோட முடிச்சிருவேன். சரியாப் போயிரும்."

எனக்குச் சோம்பு மென்ற அத்தனை சாயங்காலங்களும் நினைவுக்கு வந்தன. செந்தில் தன் கல்யாணத்தை மானசீகமாக அடக்கம் செய்துகொண்டிருந்தான். பொய் சொல்லிப் பிடிபட்ட மாப்பிள்ளையை எந்த வீட்டில் எடுப்பார்கள்?

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். முகத்தில் நீதிபதிக் களை வந்திருந்தது. "வெளியில திருட்டுத்தனமா சாப்பிட்டுட்டு, வீட்டுல நல்ல பிள்ளையாட்டம் உட்கார்றது. இப்படிப்பட்டவனை நம்பி எப்படி…"

அண்ணாச்சி அவருக்கு ரசம் ஊற்றக் குனிந்தார். குனிந்தவர் நின்றார். மூக்கு லேசாக அசைந்தது.

"பெருங்காயம் போட்ட கச்சோரி" என்றார் கனிவாக. "சுடச்சுட. ரெண்டு இருக்கும். கூட ஒரு ஜிலேபி. ஸ்டேஷன் முன்னால உள்ள மிட்டாய்க் கடைதான. சந்தேஷ் வாங்கப் போனப்பவா?"

நீதிபதி நாற்காலியில் அவ்வளவாக ஆள் மிச்சமில்லை. மாஷிமா மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்த மேலதிகாரியிடமும் கண்டதில்லை.

"ஆட்டோவுல நான் காத்துக்கிட்டிருந்தேனே, அப்பவா?" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இவருக்கு சுகர். டாக்டர் திட்டாத மாசம் இல்ல. எனக்கு இருக்கறது ஒரே கவலை, இவரைத் தனியா விட்டுட்டு மகளும் போயிட்டா யார் பார்த்துக்கறதுன்னுதான். அதனாலதான் நான் சம்மதமும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல."

பெண்ணின் அப்பா செந்திலைப் பார்த்தார். செந்தில் அவரைப் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்ட இரண்டு பேருக்கு நடுவில் மொழியாவது, ஊராவது. அவர் தன் தட்டிலிருந்த சுரைக்காயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்த நிமாய் கடை எந்தப் பக்கம்?"

செந்தில் பதில் சொல்வதற்குள் அவர் அண்ணாச்சியிடம் திரும்பிவிட்டார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவங்க ஏமாத்தறாங்கன்னு தெரிஞ்சும் எதுக்கு தினமும் சமைக்கறீங்க?"

அண்ணாச்சிக்குக் கேள்வியே புரியவில்லை போலிருந்தது. "அவனுவ வயசு அப்படி, வெளிய போய்த் திங்கத்தான் செய்வானுவ" என்றார். "எப்பவாவது ஒடம்புக்கு முடியாமத் திரும்பி வருவானுவல்லா. அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கணும்."

பெண்ணின் அப்பா ரசத்தைக் கிண்ணத்தோடு எடுத்துக் குடித்தார். வைத்துவிட்டு, "என் பொண்ணு இங்க இளைச்சுப் போவா. ஆனா ரொம்ப நாள் இருப்பா" என்றார். அதுதான் சம்மதம்.

மாஷிமா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு வரதட்சிணை வேண்டும். ரொக்கமோ நகையோ இல்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓனாச்சி பாபு அவர்கள் வீட்டுக்கு வந்து சமைக்க வேண்டும், கணவரை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அண்ணாச்சி சொட்டுக் குழாயைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே தயாராகிவிட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. வரதட்சிணையும் ஒரு வாரம்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. மாமனாருக்கு சுகர் இறங்கிவிட்டது. இந்த ரீதியில் போனால் எதற்காக இத்தனை காலம் இருக்கப் போகிறோம் என்பதுதான் இப்போது அவருடைய ஒரே புகார். நானும் கல்யாணம் முடித்து நியூ டவுனில் பதினாலாவது மாடிக்கு வந்துவிட்டேன். டாக்குரியா வீட்டில் வேறு இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். தாத்தா சீக்கிரம் போன ஒருவனுக்குப் பெரிய அறை கிடைத்திருக்கிறது.

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போன் வரும். "என்னடே சாப்ட்ட?" சுரைக்காய்தான் என்பேன். அந்தப் பக்கம் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கும். போனில் வாசனை வராது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு இதுவரை பொய் சொல்லத் துணிந்ததில்லை.

என் மனைவி ஒருநாள் கேட்டாள், உங்களுக்கு உண்மையிலேயே நூறு வயது இருக்க ஆசையா என்று. சத்தியமாக இல்லை. அவர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் நூறைத் தொடுகிற அன்று அந்த மாடிப்படி ஏறிப்போய், அவர் கையால் வேப்பிலை வாங்கித் தின்ன வேண்டும். அதற்கு நானும் எழுபதைத் தாண்டியாக வேண்டும். அதனால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் சுரைக்காய்தான்.